வீழலும் மிச்சமும்

ஒரு முகத்தில் வயது என்பது தனியாக இருக்கிறதா? சிரிப்பு, களைப்பு, மூக்குக் கண்ணாடி இவற்றிலிருந்து பிரித்து, 'இதோ வயது' என்று காட்டிவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் படங்களைத் திருத்தும் யந்திரங்கள் நிற்கின்றன. விஷயம் நமக்கு அந்நியமானதல்ல. உருவம், உள்ளடக்கம் என்று நாம் போட்டுவந்த சண்டையின் கணித வடிவம் இது.

ஸ்டைல்கேன் (2018) என்ற மாதிரியில் ஒரு முகத்துக்குப் பின்னால் இருப்பது 512 எண்களின் வரிசை. அதாவது 512 பரிமாண வெளியில் ஒரு புள்ளி. அவ்வெளியில் வயதுக்கு ஒரு திசை உண்டு. புள்ளியை அத்திசையில் நகர்த்தினால் முகம் மூப்படைகிறது. கூடவே ஒரு கண்ணாடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயிற்சிப் படங்களில் மூப்பும் கண்ணாடியும் சேர்ந்தே வந்ததால் இரண்டு திசைகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

2020-இல் யூஜுன் ஷென்னும் மற்ற மூவரும் சொன்ன பரிகாரம் பள்ளிக்கூடக் கணக்குதான்: வெக்டரின் வீழல். வயதுத் திசையின் நிழல் கண்ணாடித் திசைமேல் எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, அந்த நிழலைக் கழித்துவிடுவது. ஓரலகு நீளமுள்ள இரு திசைகளுக்கு இடையே கோணம் 60 பாகை என்றால் வீழல் 0.5. அதைக் கழித்தபின் மிஞ்சுவது கண்ணாடிக்குச் செங்குத்தான திசை. இனி முகம் மூக்கும், கண்ணாடி வராது.

அழகான தீர்வு. ஆனால் பெயரிட்டதை மட்டுமே கழிக்க முடியும். பெயரிடப்படாதவை வயதோடு ஒட்டிக்கொண்டு, வயது என்ற பெயரிலேயே உலவும். இங்கே போடியில் ஏலக்காய் சலிப்பவருக்கு இது தெரியும். 8 மில்லி சல்லடை பருமனை மட்டும் கேட்கிறது. நிறத்துக்குக் கண் வேண்டும், எடைக்கு லிட்டர் அளவு, மணத்துக்கு மூக்கு. சல்லடையில் நின்றதுதான் ஏலக்காய் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. கவிதை விஷயத்தில் நம் விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. நிஜமான புகைப்படத்தைத் திருத்துமுன், யந்திரம் அதற்கு நெருங்கிய புள்ளியைத் தன் வெளியில் தேடவேண்டும். அந்த வெளி, ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களால் ஆனது. பாஸ்புக் படத்தையும் எதிரே நிற்கும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வங்கியில் என் தினசரி வேலை. ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் பறித்துத் திரும்புகிற பெண்ணின் முகத்தில் வயது எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. அந்த முகத்துக்கு அந்த வெளியில் கிடைப்பது நெருங்கிய புள்ளிதான். அதே முகம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

2021-இல் இத்துறையினரே இதை ஒத்துக்கொண்டார்கள். வெளியின் இயல்பான எல்லையைத் தாண்டிப் போனால் முகம் அசலுக்கு நெருங்கி வரும், ஆனால் திருத்தலுக்கு இசையாது. எல்லைக்குள் நின்றால் திருத்தலாம், முகம் கொஞ்சம் வேறொருவருடையதாகிவிடும். விசுவாசம், வசதி இரண்டில் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கவேண்டும். இப்போதைய டிஃப்யூஷன் மாதிரிகளின் வழிமுறை வேறு. இந்தப் பேரம் அங்கும் தீர்ந்துவிடவில்லை.

இது விமர்சனத்தின் பேரமும்கூட. நம் கோட்பாடுகளுக்குச் சுலபமாக இசைகிற கவிதை, நாம் ஏற்கனவே படித்த கவிதைகளின் சராசரிக்கு அருகில் இருப்பது. இசைய மறுக்கும் கவிதையைக் கோட்பாட்டின்மேல் வீழ்த்தி, கிடைத்த நிழலை அளந்து, 'இவ்வளவுதான்' என்று முடிக்கிறோம். வீழல் பொய் அல்ல; கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் செங்குத்தாக மிஞ்சுவதைக் குப்பை என்று ஒதுக்கும் உரிமையைக் கணிதம் யாருக்கும் தரவில்லை. அந்த மிச்சத்துக்குப் பெயர் தேடுவதுதான் விமர்சகனின் வேலை என்று நினைக்கிறேன்.