கிறவல் வீதியில் பழகிய கை

மழை விட்ட மறுநாள் கிழக்கிலங்கையின் படுவான்கரைக் கிறவல் வீதியில் நெல்மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால் போய்ப் பாருங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்துவிடும். முன் பிறேக்கில் விரல் படாது. பின்சில்லு வழுக்கினால் ஓட்டுபவர் பதறமாட்டார். ஹான்டிலைச் சற்று விட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடுவார். வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தார்வீதியிலேயே ஓடிப் பழகியவர்கள் அதே வளைவில் விழுவதைக் கண்டிருக்கிறேன்.

‘ரேஸ் ஒஃப் சம்பியன்ஸ்’ பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வளைவு ஞாபகம் வரும். 1986இல் கோர்சிகா ரலியில் உயிரிழந்த ஹென்றி டொய்வனனின் நினைவாக, மிஷேல் மூட்டோனும் ஃபிரெட்ரிக் ஜோன்சனும் 1988இல் தொடங்கிய போட்டி இது. ஆரம்பத்தில் ரலிக்காரர்களின் களம். பிறகு போர்முலா 1, நாஸ்கார், லு மான் ஓட்டுநர்கள் எல்லோரும் வந்தார்கள். விளையாட்டரங்குக்குள் அடுத்தடுத்து இரண்டு தடங்கள், ஒரே ரகக் கார்கள். சுற்றுக்குச் சுற்று கார் மாறும். பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது.

மைக்கேல் ஷூமாக்கரையே எடுத்துக்கொள்வோம். ஏழு முறை போர்முலா 1 உலக சம்பியன். இந்தப் போட்டியில் செபஸ்டியன் வெட்டலோடு சேர்ந்து 2007 முதல் 2012 வரை தொடர்ந்து ஆறு தடவை ஜெர்மனிக்கு நாடுகள் கிண்ணத்தை வென்றுகொடுத்தவர். தனிநபர் பட்டம் மட்டும் கைகூடவில்லை. 2007, 2009 இரு இறுதிகளிலும் அவரை வீழ்த்தியவர் மத்தியாஸ் எக்ஸ்ட்ரோம். டூரிங் கார், ரலிகுறொஸ் இரண்டிலும் ஊறிய சுவீடன்காரர்.

போர்முலா 1 கார் வேகம் கூடக்கூடத்தான் காற்றின் அழுத்தத்தால் தரையைப் பற்றும். குறுகிய அரங்கத் தடத்தில் அந்த வேகத்துக்கே இடமில்லை. சூடேறாத ரயர் வழுக்கும்; வழுக்கலைச் சமாளிப்பவரே முந்துவார். 2004இல் ஹெய்க்கி கோவலைனன், 2015இல் வெட்டல் எனச் சுற்றுத்தடக்காரர்களும் வென்றதுண்டு. ஆனால் 2025இல் சிட்னியில் 51 வயதில் ஐந்தாவது பட்டம் வென்ற செபஸ்டியன் லோப், ஒன்பது முறை உலக ரலி சம்பியன்.

நமக்கு நெருக்கமான கதை 2012 டிசம்பரில் பேங்கொக்கில் நடந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும் ஆசியப் பிரிவை இந்தியாவுக்காக வென்றார்கள். இருவரும் சுற்றுத்தடத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் கருண் அதே ஆண்டு லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் முற்றிலும் வேறு ரகக் கார் ஓட்டிவிட்டு வந்திருந்தார். அந்தப் பழக்கம் பேங்கொக்கில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இலங்கையிலும் இப்படி ஒரு மோதலைப் பார்க்க எனக்குத் தீராத ஆசை. கொழும்பு வீதிகளில் இரவுப் பந்தயம் ஓடியவரும் தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் மண்தடத்தில் ஓடியவரும் ஒரே ரகக் காரில், அடுத்தடுத்த தடத்தில். மண்தடக்காரர் பக்கம்தான் நான் நிற்பேன்.