எர்னஸ்ட் (சுவிஸ் குடும்ப ராபின்சன்)

எர்னஸ்ட், ‘சுவிஸ் குடும்ப ராபின்சன்’ என்னும் புதினத்தில் வரும் நான்கு சகோதரர்களுள் இரண்டாமவன்; படிப்பில் நாட்டம் மிக்க சிறுவன். பெர்ன் நகரப் பாதிரியாரான யோகான் டேவிட் வீஸ் (1743–1818) தம் நான்கு மகன்களுக்காக எழுதிய கதை இது. அவருடைய மகன் யோகான் ருடால்ப் வீஸ் இதனைச் செப்பம் செய்து 1812இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

பாத்திரப் படைப்பு

கப்பல் உடைந்தபின் பெற்றோரும் ஃபிரிட்ஸ், எர்னஸ்ட், ஜாக், ஃபிரான்ஸ் ஆகிய நால்வரும் ஆளில்லாத கரையில் ஒதுங்குகின்றனர். ஃபிரிட்ஸ் வேட்டைக்காரன், ஜாக் துடுக்கானவன், ஃபிரான்ஸ் சிறு பிள்ளை. எர்னஸ்ட் செடி, விலங்குகளைப் பற்றி நூல்களில் படித்தவன். ஆனால் உடம்பு வணங்காதவன். கதையைச் சொல்பவர் தந்தை என்பதால், வாசகர் அவனைத் தந்தையின் கண்கொண்டே காண்கின்றனர்.

பாறையில் சிப்பிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தும், கால் நனையும் என்று எடுக்காமல் வந்துவிடுகிறான் எர்னஸ்ட். பாறை இடுக்குகளில் வெயிலில் காய்ந்து கிடந்த உப்பைச் சுவைத்துப் பார்த்தவன், அதையும் கொண்டுவரவில்லை. தந்தை கேலி பேசி அவனைத் திருப்பி அனுப்புகிறார். அவன் கொண்டுவந்த உப்பில் மண் கலந்திருக்கிறது. தாய் அதை நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சமையலுக்குப் பயன்படுத்துகிறாள்.

மதிப்பீடு

அறிந்தது பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற தந்தையின் பாடம் சரியானதே. ஆனால் உப்பைக் கண்டவன் எர்னஸ்ட். சுத்தம் செய்தவள் தாய். தந்தை தந்தது அறிவுரை மட்டுமே. கண்டறிந்ததற்கு ஒரு பாராட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. வீஸ் எழுதிய தீவு நூலறிவால் உருவானது. பென்குவினும் கங்காருவும் சிங்கமும் ஒரே இடத்தில் வாழ்வது அதனால்தான். நூல்களை நம்பித் தீவையே படைத்தவர், நூல் படிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறார்.

கிங்ஸ்டனின் ஆங்கிலப் பதிப்பில் (1879), பத்தாண்டுகளுக்குப் பின் எர்னஸ்ட் தன் சோம்பலைப் பெரிதும் வென்றுவிட்டதாகத் தந்தை கூறுகிறார். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கதை காட்டவில்லை. ‘வீரன்’, ‘சோம்பேறி’, ‘துடுக்கன்’ என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டிவிட்டு, அவர்கள் வளர்வதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது இப்புதினத்தின் பெருங்குறை. ஆயினும் முதலில் பார்த்து, பிறகே கைநீட்டும் பிள்ளைகளுக்கு எர்னஸ்ட் இன்றும் நெருக்கமான பாத்திரமாக விளங்குகிறான்.