அடிக்கணக்கும் கூலிக்கணக்கும்

1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்திருந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஐந்து சுயேச்சைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்சிக்கு ஒவ்வொரு தொகுதியும் உயிர். தேவிகுளத்து வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்களிடம் பேச, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறினார். பேசவில்லை, பாடினார். சனங்களுக்குப் பழகிய மெட்டில் கூலியையும் நிலத்தையும் ஆட்சியையும் வைத்துப் பாடினார். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பெரும்பங்கு பாவலருடையது என்று இ.எம்.எஸ். சொன்னதாக இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். பதினான்கு வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்த தம்பியை உலகம் இளையராஜா என்று அறியும்.

தேனி, கம்பம் பகுதியின் முற்போக்கு அரசியல் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். எழுத்து என்று இங்கே சொல்வதில் பாட்டும் நாவலும் படமும் மேடைப்பேச்சும் துண்டறிக்கையும் அடங்கும். சட்டம், அணை, காடு, கூலி பற்றி அரசு எடுக்கும் முடிவை உழைப்பவர் பக்கம் நின்று கேள்வி கேட்பது எதுவோ, அதெல்லாம் இதில் சேர்த்தி. தோளில் ஆர்மோனியத்தோடு மலையேறியவரிடம் இருந்த ஒன்று பின்னால் வந்த பலரிடம் தேய்ந்துபோனது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே 1956இல் விழுந்த கோட்டைக் கடந்துபோய், அந்தப் பக்கத்துத் தொழிலாளியின் சம்பளத்தைத் தன் ஊர்ப் பிரச்சினையாகவே அவர் பார்த்தார்.

இப்போது இந்தப் பள்ளத்தாக்கின் அரசியல் ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது: 142. டீக்கடைகளில் நாளிதழைப் பிரித்ததும் கண் போவது கேரளத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்துக்கு. 136 அடி ஏறினால் ஒரு பேச்சு, 142 தொட்டால் வேறு பேச்சு. இந்த அக்கறையில் குறை காண மாட்டேன். லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895இல் திறக்கப்பட்ட அந்த அணை இல்லாமல் ஐந்து மாவட்டங்களின் கதையே இல்லை. 1979இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு உயர்த்தலாம் என்றது. அடுத்த மாதமே கேரளம் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

இந்த வழக்கைச் சுற்றி எழுந்த தமிழ் எழுத்து ஏராளம். நீர்ப்பாசனப் பொறியாளர்கள், விவசாய சங்கத்தார், வழக்கறிஞர்கள் எழுதிய சிறுநூல்களில் தகவல் செறிவாக இருக்கிறது. இலக்கியத்தில் அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' முக்கியமானது. ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்த நாவல், அணை எழுந்த காலத்தையே களமாகக் கொண்டது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்குக்கு லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தைப்பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளுக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். நன்றியுள்ள சனங்கள், அதை மதிக்கிறேன். ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து காய்ச்சலில் காட்டிலேயே செத்தவர்களுக்கு ஒரு பொங்கல்பானை கிடையாது. நம் கட்டுரையாளர்களும் பொறியாளரின் தியாகத்தைச் சொல்லிவிட்டு நேராக வழக்கு எண்ணுக்குத் தாவிவிடுகிறார்கள்.

1886 அக்டோபர் 29 அன்று எழுதிய குத்தகை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 999 ஆண்டுகள், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், மொத்தம் 40,000. 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மன்னர் அரசு, மறுபக்கம் வெள்ளைக்காரன் அரசு. அந்தக் காட்டில் குடியிருந்த மன்னான், பளியர் மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழே வயலில் இறங்கி நாற்று நட்டவர்களிடமும் கேட்கவில்லை. இரண்டு அரசுகளின் உரிமைச் சண்டையாகவே தொடங்கிய ஒன்றை இரண்டு அரசுகளின் உரிமைச் சண்டையாகவே நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வேறு நாட்டில் இப்படி ஒன்றை எப்படிப் பேசினார்கள் என்று தேடினால் கனடா கிடைக்கிறது. கொலம்பியா ஆற்றை வைத்து 1961இல் கனடாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1964இல் நடைமுறைக்கு வந்தது. கனடா தன் மண்ணில் மூன்று அணைகள் கட்டியது. வெள்ளத் தடுப்பும் மின்சாரமும் கீழே இருக்கிற அமெரிக்காவுக்கு, அந்த மின்பயனில் பாதி கனடாவுக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 2,300 பேர் வீடும் தோட்டமும் இழந்தார்கள், அவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அங்குள்ள உள்ளூர் மன்றங்களும் பழங்குடி அமைப்பும் சேர்ந்து விடாமல் கேட்டதன் பலன் 1995இல் வந்தது. ஒப்பந்தத்தால் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கே திருப்பும் அறக்கட்டளை ஒன்று உருவானது. நாடுகளின் பங்கைப் பேசி முடித்த பிறகு, மூழ்கிய ஊர்க்காரரின் பங்கு என்ன என்று கேட்கிற அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். நம் பக்கத்தில் அதை ஒரு நாவல் கேட்டது. 1959இல் திறந்த வைகை அணைக்காக ஊரை விட்டுப் போனவர்களை எழுதிய வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அது. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலை அழுது படித்தவர்கள் உண்டு. ஒரு மறுவாழ்வுக் கொள்கையின் குறையாக அதைப் படித்து யாராவது எழுதியதாக நான் பார்க்கவில்லை.

கனடா இன்னொரு இடத்திலும் குறுக்கே வருகிறது. தேவாரம் அருகே பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பாலான உணர்கருவி, செலவு 1,500 கோடி. இடதுசாரிகளுக்குள்ளேயே இதில் பிளவு வந்தது. சூழலியல் அமைப்பான பூவுலகின் நண்பர்கள் பசுமைத் தீர்ப்பாயம் போனார்கள். வைகோ மதுரையிலிருந்து கம்பத்துக்கு நடந்தார். அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த எழுத்தாளர்கள் சிலரோ, இது அடிப்படை ஆய்வு, யாருக்கும் தீங்கில்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். நியூட்ரினோ மனித உடலை ஊடுருவிப் போனால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு அவர்கள் சொன்ன பதில் சரியானது. அந்தத் துகள்கள் சூரியனிலிருந்து நம்மை எப்போதும் ஊடுருவிக்கொண்டேதான் இருக்கின்றன. அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப்போகிறார்கள் என்று மேடையில் சொன்னவர்கள் எதிர்ப்பைப் பலவீனப்படுத்தினார்கள் என்றே நினைக்கிறேன்.

பலமான வாதம் வேறு இடத்தில் இருந்தது. கனடாவின் சட்பரி ஆய்வகம் ஏற்கெனவே தோண்டியிருந்த நிக்கல் சுரங்கத்துக்குள், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் அமைந்தது. அதன் ஆய்வுக்காக ஆர்தர் மெக்டொனால்டு 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் நாட்டிலும் 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. இங்கே திட்டமிட்டது புதிதாக மலையைக் குடைவது. அதுவும் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். அதைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்றுதான் 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. புலிகள் நடமாடும் காட்டுவழி என்ற காரணத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னது. ஆக, அறிவியலா மக்களா என்று நம் எழுத்தாளர்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், முடிவைத் தீர்மானித்தது நடைமுறை பற்றிய கேள்வி. ஆடு மேய்க்கும் தரையை வேலி போட்டபோது பொட்டிபுரத்துக்காரர்கள் முதலில் கேட்டதும் அதைத்தான்: எங்களை ஏன் கேட்கவில்லை?

காடு பற்றிய எழுத்தில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது சூழலியல் எழுத்தாளர்கள் மகிழ்ந்தார்கள். வைகை பிறக்கும் மலை காப்பாற்றப்படுகிறது என்ற மகிழ்ச்சி நியாயம். வருசநாட்டு மலைக்கிராமங்களில் தலைமுறையாகப் பயிர் செய்பவர்களுக்கு அது வெளியேற்ற நோட்டீஸின் பயமாக இருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதற்காகத்தான் வந்தது. அதை வைத்து ஊர் ஊராகப் போய் எழுதப்பட்ட ஒரு நல்ல புத்தகத்துக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

தொழிலாளர் பக்கம் வந்தால் அல்லிநகரத்து ம. காமுத்துரையைச் சொல்ல வேண்டும். பஞ்சாலை வேலையை 'மில்' நாவலிலும், விசேஷ வீடுகளில் அண்டா அடுப்போடு மல்லுக்கட்டும் சமையல் தொழிலாளர்களைக் 'குதிப்பி'யிலும் எழுதியவர். கொள்கை என்ற சொல்லே வராமல் கூலிக்கொள்கையை எழுத முடியும் என்பதற்கு அவை சாட்சி. 2018இல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் அதை இன்னும் துல்லியமாகச் செய்தது. ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படும் ரங்கசாமி ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலைப்பாதையில் இறங்குகிறான். மூட்டை உருண்டு, பிரிந்து, காய்கள் சரிவில் சிதறுகின்றன. கடைசியில் காற்றாலைக்குப் போய்விட்ட நிலத்துக்கு அவனே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். பசுமை மின்சாரம் நல்லதுதான், அது யாருடைய நிலத்தில் சுழல்கிறது என்ற கேள்வியைப் பிரசங்கம் இல்லாமல் அந்த ஒரு காட்சி கேட்டுவிடுகிறது. இந்த வட்டாரத்திலிருந்து வந்த அரசியல் விமர்சனங்களில் அதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

கம்பத்திலும் கோம்பையிலும் தேவாரத்திலும் விடியுமுன்னே ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் மழைக்காகிதமும் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தண்டின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். நாளெல்லாம் குனிந்தோ குந்தியோதான் ஒவ்வொரு காயாக, முற்றியதைப் பார்த்து எடுக்க வேண்டும். காலில் அட்டை, முந்தைய நாள் அடித்த மருந்தின் வாடை, விரலில் போகாத கறை. இவர்களின் வேலை ஒரு மாநிலத்தில், ரேஷன் அட்டையும் வாக்கும் வேறு மாநிலத்தில். வளைவில் ஜீப் கவிழ்ந்தால் செய்தித்தாளில் நான்கு வரி வரும். எந்த மாநிலத்தின் நலவாரியம் இவர்களுக்குப் பொறுப்பு என்று கேட்கும் தலையங்கம் வராது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது நிலைமை மாறும் என்று நம்பினேன். தமிழ் பேசும் அந்தப் பெண்கள் 20 சதவீத போனஸும் 500 ரூபாய் தினக்கூலியும் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. 232 ரூபாயாக இருந்த கூலி 301 ஆனது. இந்தப் போராட்டத்தைப் பற்றி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நிறைய வந்தது. மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பெண்களின் சொந்தக்காரர்கள் வாழும் ஊர்களில், நம் இதழ்கள் காட்டிய ஆர்வம் குறைவு. பாவலர் இருந்திருந்தால் அடுத்த ஜீப்பில் ஏறியிருப்பார்.

தண்ணீர் விஷயத்திலும் மாநிலக் கோட்டை வைத்து எழுதும் பழக்கம் இப்போது முட்டி நிற்கிறது. லோயர்கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தபோது, எதிர்ப்பக்கத்தில் நின்றது கேரளம் இல்லை. மதுரையின் தாகமும் நியாயம், சின்னமனூரின் நாற்றங்காலும் நியாயம். அந்தச் சமயத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மனுக்களின் மொழியில் இருந்தன. இருபோக நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதில் கூலிக்கு இறங்குபவர் எவர், ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் வேலை போவது யாருக்கு என்ற கணக்கோடு ஒருவரும் வரவில்லை.

2011 டிசம்பரை நினைத்துக்கொள்கிறேன். அணை உடையும் என்ற பீதியும், அணையைக் காப்போம் என்ற கோபமும் இரண்டு பக்கமும் கொதித்த மாதம். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் தார்ச்சாலையில் ஏறினார்கள். அந்த ஊர்வலங்களைப் பற்றிப் படங்களும் கட்டுரைகளும் கவிதைகளும் இருக்கின்றன. அதே நாட்களில், ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள், மிரட்டலுக்கும் அடிக்கும் பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தன. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, வாங்க வேண்டிய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். நிலைமை அடங்கிய பிறகு அவர்களில் பலர் மறுபடி ஜீப் ஏறினார்கள். அந்த விடுபட்ட கூலி யாருக்காவது கைக்கு வந்ததா என்று இதுவரை நான் படித்த ஒரு பக்கத்திலும் இல்லை.