மணலும் பலகையும்

பத்துப் பேர் கூடி உட்காரவும் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கு நடுவிலேயே ஒருவன் தனியாக உட்கார்ந்து யோசிக்கவும் வேண்டும். அப்படி ஓர் இடத்தை எப்படி அமைப்பது? யாரிடம் கேட்டாலும் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: திண்ணை.

திண்ணையின் பெருமையை நான் மறுக்கப் போவதில்லை. வெயிலில் வந்தவன் அங்கே இளைப்பாறினான். வாத்தியார் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். கிழவர் ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தார். கட்டட அமைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓர் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த கையோடு, யார் இல்லை என்றும் தேடுவான். அப்படித் தேடினால் திண்ணை தலைகுனிய வேண்டியதுதான். வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். சில ஜாதியார் தெருவில் நின்றார்கள். அந்தத் தெருவிலேயே கால் வைக்க முடியாதவர்களும் இருந்தார்கள். கோயில் மண்டபங்களின் கதையும் வேறல்ல. ஒதுக்கப்பட்டவர்கள் வைத்தியநாதய்யர் முன்னின்று நடத்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதிதான்.

ஆகையால் என் ஓட்டு சென்னைக் கடற்கரை மணலுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மணல் வெளியை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டினார்கள். கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அதன் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல் அமைத்த உலாவும் சாலைக்கு அப்பால், வருஷா வருஷம் மணல் தானாக விரிந்தது. ஒரு பக்கத்தார் இழந்ததுதான் இன்னொரு பக்கத்தாருக்கு உட்கார இடமாயிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மணலைப் போன்ற ஆசனம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பூங்காவில் பெஞ்சு போட்டவர், நாம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார். மணலில் அந்த அதிகாரம் உட்காருகிறவனுடையது. வட்டமாக உட்கார்ந்தால் அது சபை. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் அது தனிமை. 1923ல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் கடற்கரையில்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாகக் கூடியிருந்ததும் அங்கேதான். அதே மணலில்தான் வேலை கிடைக்காதவன் ஒருவன் யாரிடமும் பேசாமல் அலையை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஜாதி கேட்பாரில்லை; காபிக்குக் காசு கொடுத்தால்தான் நாற்காலி என்பாரில்லை.

இந்த ரீதியில் மணலைப் புகழ்ந்து பல வருஷங்களாகப் பேசிவந்திருக்கிறேன். என் வாயை அடைத்தவள் பெரியம்மா.

திருவல்லிக்கேணியில் குடியிருந்தும், பக்கவாதத்தில் கால் விழுந்த பிறகு அவள் கடல் பக்கமே போகவில்லை. சக்கர நாற்காலி மணலில் இரண்டடி போனால் புதைந்துவிடும். என் மணலும் ஒரு திண்ணைதான். நடக்கத் தெரிந்தவர்களின் திண்ணை. அந்தப் பெரிய ஜனசமுத்திரத்தில் அவளைப் போன்றவர்கள் இல்லை என்பது, இல்லாதவர்களைத் தேடுவதாகப் பெருமையடித்துக்கொண்ட என் கண்ணில் படவே இல்லை.

முன்பெல்லாம் மாற்றுத் திறனாளிகள் தினத்தை ஒட்டி டிசம்பரில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். ஆண்டில் சில நாள் கடல்! 2022 நவம்பரில்தான் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தரமாக ஒரு மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் திரும்பவும் சரிசெய்தார்கள். பொது இடம் என்பது ஒரு தடவை கட்டித் திறந்து வைப்பதோடு முடிகிற காரியமல்ல. உடைந்தபின் செப்பனிடுவதில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

பழுது பார்த்தபின் ஒரு மாலை பெரியம்மாவை அழைத்துப் போனோம். நாற்காலியை அலைக்கு அருகே நிறுத்தினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்னை இந்தப் பக்கம் திருப்புடா" என்றாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"கடல் இங்கே இருக்கிறது, பெரியம்மா" என்றேன்.

"கடலை மொட்டை மாடியிலேருந்தே பார்க்கலாம். இத்தனை ஜனங்களை எங்கேடா பார்க்கிறது?"

அவள் சொன்னதைவிடச் சரியான விமர்சனம் எனக்குத் தெரியாது. ஊனமுற்றவர்களுக்குக் காட்சியைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். அவர்கள் கேட்பது கூட்டத்தில் ஓர் இடம். அன்று நாங்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து சுண்டல் தின்றோம். பெரியம்மா பலகைமேல் தனியாக இருந்தாள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழிவிட நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது. பாதை என்பது போய்ச் சேருவதற்கு. உட்கார்ந்து பேசுவதற்கு அல்ல.

எனவே எந்தக் கடற்கரையில் யார் பாதை போட்டாலும், அதன் ஓரத்தில் அகலமாகப் பலகைத் தளங்களையும் போடட்டும். நாலு சக்கர நாற்காலிகளும், மணலை உதறிவிட்டு ஏறிவரும் பத்துப் பேரும் வட்டமாக உட்காரும் அளவுக்கு இருக்கட்டும். அதற்குத் திண்ணை என்று பெயர் வைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. இந்தத் தடவையாவது எல்லோருக்குமான திண்ணையாக இருக்க வேண்டும்.