மோல்டு எடுக்கும் முன்

வெள்ளாறு கடலில் கலக்கும் அன்னங்கோயில் பக்கம் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். அணியம் எழும் விதத்தையும் அடிவயிறு குறுகும் இடத்தையும் பார்க்கப் பழகிய கண்ணுக்கே பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம் புரியும். கட்டுமரக் காலத்தில் திருத்தம் சுலபம்; கட்டை சரியில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துச் செதுக்கி மறுபடி கட்டலாம். ஃபைபரில் முதலில் முழு அளவில் ஒரு மாதிரி உடல், அதன்மேல் மோல்டு. மோல்டுக்குள் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கி, உருளையால் காற்றை விரட்டி, இறுகியதும் உருவி எடுக்கிறார்கள். மோல்டில் உள்ள கோணல் அதிலிருந்து வரும் அத்தனை படகிலும் ஏறிவிடும். ஆகவே இந்தக் கலையின் உச்சம் மோல்டுக்கு முந்தைய கட்டம்தான்: கணினித் திரையில் வரைந்ததும் கையால் இழைத்ததும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டிய கட்டம்.

கணினி இருக்க அந்த இழைப்பு எதற்கு என்பார்கள். எடை, மிதப்பு, சாய்வில் நிமிரும் திறன் ஆகியவற்றைத் திரை நொடியில் சொல்லும், உண்மை. மணல்திட்டில் உடையும் அலையில் படகைக் கரையேற்றுவது வேறு கணக்கு. 1979இல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கிய ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் (எஃப்.ஏ.ஓ.) வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகை ஒரே வரைபடத்தில் முடித்துவிடவில்லை. மாதிரி மாதிரியாகக் கட்டி அலையில் விட்டுப் பார்த்தது. கரை தட்டும்போது இன்ஜினும் தண்டும் விசிறியும் சேர்ந்தே மேலெழும் அமைப்பு அந்த உழைப்பில் தேறியது. கடலோடிகளின் முன்னோர் காகிதமே இல்லாமல் கட்டவில்லையா என்பது எதிர்த்தரப்பு. கட்டினார்கள், ஆனால் அடுத்த கலத்தில் திருத்தும் வாய்ப்போடு கட்டினார்கள். மோல்டு அந்த வாய்ப்பைப் பறித்துக்கொண்டது. அதனால்தான் 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்துக்காக அவசரமாகப் பெருகிய ஃபைபர் படகுகளின் தரம் பற்றி எழுந்த கவலைகளை மறந்துவிட முடியாது.

பட்டறையில் அதிகம் கவனிக்கப்படாத வேலை ஒன்று உண்டு. மாதிரி உடலில் கைக்குத் தட்டுப்படும் மேடு பள்ளத்தைப் புட்டி வைத்துத் தேய்த்துச் சீராக்குவார்கள்; உடல் அழகாகிவிடும், கணினியில் உள்ள வரைபடக் கோப்பு பழையபடியே இருக்கும். அடுத்த மோல்டை அந்தக் கோப்பிலிருந்து எடுத்தால் தேய்த்த மேடு திரும்பி வரும். தேய்த்து முடித்ததும் மறுபடி அளந்து, அந்த அளவைக் கோப்பில் ஏற்றுகிற பட்டறையையே நான் தேர்ந்த பட்டறை என்பேன், அதன் பூச்சு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும்.