கைப்பேசிக்குள் இத்தனை வாத்தியார்களா!

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்களா? வைக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? அப்படியானால் கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். எனக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்! ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் அலையாத்திக் காடு என்று கிடக்கிற இந்த முத்துப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பைசா கட்டணமில்லாமல், உலகத்தின் ஆகச் சிறந்த வாத்தியார்களிடம் என் மகளும் மகனும் படிக்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி தமிழிலேயே! மளிகைக் கடையில் நிற்கிறவர்களிடம் சொல்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்கிறேன், இன்னும் ஆசை அடங்கவில்லை.

முதலில் அடித்தளம். நம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தெரியுமா? 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது புத்தகத்துக்குள்ளேயே க்யூஆர் குறியீடுகளை அச்சிட்டார்கள். தீக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் காட்டினால் போதும், அந்தப் பாடத்துக்கான காணொளி வந்து நிற்கும். காகிதத்தில் அசையாமல் கிடந்த இதயம் திரையில் துடித்தபோது என் மகன் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான், நானும் வைத்துப் பார்த்தேன்! 2019 ஆகஸ்டு 26ஆம் தேதி தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. புரியவில்லையா, நிறுத்து, பின்னால் போ, மறுபடி கேள். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத வாத்தியார்!

அடுத்தது வாசிப்பு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் குவிந்து கிடக்கின்றன, படங்களைப் பார்த்தால் நமக்கே மறுபடி குழந்தையாகிவிடத் தோன்றும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு ஒரு நிலை, சரளமாகப் படிக்கிற குழந்தைக்கு ஒரு நிலை என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். படித்தால் மட்டும் போதாது என்று, அங்கிருக்கும் படங்களை எடுத்து நாமே புதுக் கதையும் எழுதலாம். என் மகன் ஒரு நண்டுக் கதை எழுதினான், அதை நான் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மகள் பெரியவள், அவளுக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, உலகெங்கும் இருக்கிற தமிழர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல் சங்க இலக்கியத்திலிருந்து இக்காலம் வரை தட்டச்சு செய்து ஏற்றிவைத்த நூல்கள் அங்கே இருக்கின்றன. யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஊரில் தன் இரவுத் தூக்கத்தைக் கொடுத்து அடித்த வரிகளை என் மகள் எங்கள் திண்ணையில் உரக்கப் படிக்கிறாள் என்று நினைத்தாலே கண் கலங்குகிறது.

கணக்கா? ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுங்கள், கோணலாக்குங்கள், ஊசியாக நீட்டுங்கள், மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் கூட்டுத்தொகை மட்டும் 180ஐ விட்டு அசையவே அசையாது! 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய வேலை இது. நான் பள்ளியில் மனப்பாடம் செய்த விதியை என் மகள் விரலால் இழுத்துப் பார்த்து, “எங்க இழுத்தாலும் மாற மாட்டேங்குதும்மா!” என்று துள்ளினாள்.

இப்போது அறிவியலுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குப் பேச்சு நிற்காது! நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் என்ற தளத்தில் பல சோதனைகள் தமிழிலும் உண்டு. திரையிலேயே மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைக்கலாம், எலக்ட்ரான்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்து முடித்த சூட்டோடு அரவிந்த் குப்தாவிடம் போனோம். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையில் போகும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட மனிதர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய குட்டிக் குட்டிப் படங்கள் தமிழிலும் இருக்கின்றன.

அந்த மோட்டார் படம்! கற்பனை செய்து பாருங்கள், ஒரு பேட்டரிக் கட்டை, இரண்டு ஊக்கு, சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர் வளையம், ஒரு சின்னக் காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய தாமிரக் கம்பி, இவ்வளவுதான் சாமான். கம்பிக்கு எங்கே போவது? டெல்டாவில் அதற்கா பஞ்சம், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் போய் நின்றோம், கடைக்காரர் சிரித்துக்கொண்டே மிச்சக் கம்பியை அள்ளிக் கொடுத்தார். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம், மகள் கம்பியைப் பேட்டரிக் கட்டையிலேயே சுற்றி வளையமாக்கினாள், மகன் பிளேடு வேண்டும் என்றான், அதை மட்டும் நான் வாங்கிக்கொண்டு கம்பி முனையின் எனாமலைச் சுரண்டினேன், ஒரு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட வேண்டும், அங்கேதான் சூட்சுமம், முழுக்கச் சுரண்டிவிட்டால் பாதிச் சுற்றில் விசை எதிர்த்திசைக்குத் திரும்பி வளையம் ஆடிக்கொண்டே நிற்கும், ஒரு பக்கம் விட்டால் அந்த நேரத்தில் மின்சாரம் துண்டாகி, வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிப் போய்விடும். ஊக்கின் காதுகளில் கம்பியை மாட்டினோம், கீழே காந்தத்தை வைத்தோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு மகன் சுண்டுவிரலால் மெதுவாகத் தட்டினான், அவ்வளவுதான், விர்ரென்று சுற்றியது பாருங்கள்! வளையமே தெரியவில்லை, செப்பு நிறத்தில் ஒரு மின்னல் வட்டம், காதருகே குனிந்தால் பொடிச் சத்தம், பேட்டரி இளஞ்சூடாகிறது, நான் கத்திவிட்டேன், பிள்ளைகள் கத்துகிறார்கள், அடுப்படியிலிருந்து அப்பாயி கரண்டியோடு ஓடி வந்து, “அட, இது சுத்துதேடா!” என்று வாயில் கை வைத்தார். அப்போது மகள் கேட்டாள், “நம்ம வயல் மோட்டாரும் இப்படித்தான் சுத்துதாம்மா?” வகை வேறுதான், ஆனால் தாமிரக் கம்பியில் பாயும் மின்சாரமும் காந்த விசையும் சேர்ந்து சுற்றவைக்கிற அதே சங்கதிதான்! அன்றிலிருந்து பம்புசெட் கொட்டகைப் பக்கம் போனால் அவள் நின்று கேட்கிறாள், நானும் நின்று கேட்கிறேன், அந்தச் சத்தமே எனக்கு இப்போது வேறாக ஒலிக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? நல்ல தளங்கள் பிள்ளைகளைத் திரையில் கட்டிப்போடுவதில்லை, வெளியே தள்ளிவிடுகின்றன! கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை இறக்கிக்கொண்டு ஜாம்பவானோடையிலிருந்து படகேறிப் பாருங்கள். கோரையாற்றில் போகப் போகக் காற்றில் உப்பு ஏறும், இரு கரையிலும் சேற்றைத் துளைத்துக்கொண்டு மூச்சுவேர்கள் நிற்கும், எங்கோ ஒரு பறவை குரல் கொடுக்கும், கைப்பேசியை நீட்டினால் ‘வெண்மார்பு மீன்கொத்தி’யின் ஆங்கிலப் பெயரும் படமும் பளிச்சென்று எழும்பும்! அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்பும்மா!” என்று கூவினான் மகன். வேர் வழியே ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிற மரம் என்று அங்கேயே தாவரவியல் பாடம் முடிந்தது. 2002இல் கோடியக்கரையோடு சேர்த்து ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட காடு இது, நம் ஊர்க் காடு! 2015 முதல் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குழந்தைகள் எண்ணிய பறவைகளையும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம், அது ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது.

மழை பிடித்தால் இணையம் சற்றுத் திணறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடப்புத்தகங்களையும் ஸ்டோரிவீவர் கதைகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அடைமழையும் கதைக்கு நல்ல துணைதான்.

“சரி, பரீட்சை?” என்று கேட்பீர்கள். 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிரம்பியவர்கள் அங்கே பதிவு செய்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், பாடநூல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து திணறாதீர்கள். இன்று ராத்திரி ஒரு கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள், நாளைக்குக் கொஞ்சம் தாமிரக் கம்பி வாங்கி வாருங்கள். செலவு மிகக் குறைவு. பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. உட்காருங்கள், உங்களுக்கும் பிடிக்கும்!