நிலமும் பொழுதும்: போளூருக்கு ஒரு நூலகம்

போளூரில் ஒரு பொது நூலகம் கட்டுவதென்றால் ‘இயற்கைச் சூழலுக்கு ஏற்ப’ என்ற வார்த்தைகள் உடனே வந்துவிடும். மேற்கே ஜவ்வாது மலைத்தொடர். அதைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். விஷயம் முடிந்தது. இயற்கையைக் காலண்டர் படமாகப் பார்க்கிற மனோபாவம் இது. நம் கவிதைகள் பலவற்றில் மலையும் நிலவும் வந்து உட்கார்ந்துகொள்வதும் இப்படித்தான்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்ததை. நாம் நிலத்தை வைத்துக்கொண்டு பொழுதை விட்டுவிட்டோம். போளூரின் பிரச்னை பொழுதில்தான் இருக்கிறது. பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை முடிந்தவர்களும் நூலகத்துக்கு வருவது மாலையில். மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே நுழைவதும் மாலையில். அழகும் உஷ்ணமும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. இந்த முரணை எதிர்கொள்ளாத கட்டிடம், சுற்றிலும் எத்தனை மரம் நட்டாலும், அந்த ஊருக்கு அந்நியமானதே.

வெயில் வாசகனோடு நிற்பதில்லை. மரக்கூழ்த் தாள் ஒளி பட்டுப் பழுப்பேறுகிறது. உஷ்ணம் அதைச் சீக்கிரமே நொறுங்க வைக்கிறது. மேற்கே கனத்த கல்சுவர் எழுப்பினால் போதும் என்பதும் அவசர முடிவு. பகலெல்லாம் குடித்த உஷ்ணத்தை அந்தச் சுவர் மாலையில் உள்ளே கக்கும். சுவருக்கே நிழல் வேண்டும். ஆழமான தாழ்வாரம், திண்ணை, பிற்பகலில் இறக்கிவிட மூங்கில் தட்டி. உள்ளே அந்தப் பக்கத்தில் மாடிப்படியும் சாமான் அறையும். அலமாரிகள் நடுவில், மேஜைகள் வடக்கு ஜன்னலோரம். காலையில் அந்தத் தாழ்வாரம் நிழலாக இருக்கும். கிழக்கு வெயில் பட்டு மலை தெளிவாகத் தெரிகிற நேரமும் அதுவே. பத்திரிகை படிக்க வருகிறவர்கள் அங்கே உட்காரட்டும். மலையை மறைக்க வேண்டியதில்லை; அதற்குரிய பொழுதில் வைத்தால் போதும்.

லாரி பேக்கரை இங்கே சிலர் உதாரணம் காட்டுவார்கள். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு 1970களில் அவர் கட்டிய செங்கல் நூலகக் கோபுரம் நம் காலத்தின் நல்ல கட்டிடங்களில் ஒன்று. ஆனால் அவருடைய செங்கல் ஜாலி, ஈரம் மிகுந்த ஊரில் ஓயாத காற்றோட்டத்துக்கானது. போளூரின் மே மாதத்தில் அது அனலையும் புழுதியையும் அழைத்து வரும். இங்கே பகலில் அடைத்து, இரவில் திறந்து, கட்டிடத்தை ஆறவிட வேண்டும். பேக்கரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கேள்வியை. ஜாலியை எடுத்து வைத்தால் அது இன்னொரு காலண்டர் படம்.

போளூருக்கு அருகிலுள்ள பர்வதமலையே மலைபடுகடாம் பேசும் நவிரமலை என்பர். அந்த ஆற்றுப்படையில் மலை வழிப்போக்கனின் காலுக்கும் பசிக்கும் உரியதாக இருக்கிறது: எங்கே வழி, எங்கே ஆபத்து, எங்கே சோறு. அழகு அதற்குள்ளிருந்தே வருகிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அப்பணத்தில் எழும் கட்டிடத்தின் வரைபடம் நம் முன் வைக்கப்பட்டால் முகப்பைப் பற்றிப் பேச வேண்டாம். சித்திரை மாதம், மாலை நான்கு மணிக்கு, வாசகன் இதில் எங்கே உட்காருவான் என்று கேட்போம்.